இடப்பக்க மரை

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் பெரிய ராஜாவின் கையை விட்டு வாள் போகவில்லை. கைப்பிடி கையிலேயே இருந்தது. அலகு மட்டும் போய்விட்டது.

போன அலகு எதிரே நின்ற சின்ன ராஜாவின் காதை உரசி, திரைச்சீலையில் மோதிக் கீழே விழுந்தது. பார்க்க வந்தவர்கள் அதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். சின்ன ராஜா நல்ல நடிகர். காதைப் பொத்திக்கொண்டு வசனத்தை முடித்துவிட்டு, உள்ளே வந்துதான் மயங்கினார். மூன்று தையல்.

அந்த நாடகக் கம்பெனியின் சாமான் அறை முப்பத்தொரு வருஷமாகப் பெட்டிக்காரர் பொறுப்பில் இருந்தது. கிரீடம், கேடயம், செங்கோல், மரத்தில் செய்த பழக்குலை, வெடிக்காத துப்பாக்கி, எல்லாம் பெட்டி பெட்டியாக. எந்தப் பெட்டியில் எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வார். அவர் மனைவி உடை தைப்பவள். ராஜாக்களுக்கு அவள் மேலே போர்த்தினாள், இவர் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை புது மேனேஜரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். மேஜைமேல் வாள் மூன்று துண்டாகக் கிடந்தது: அலகு, கைப்பிடி, கைப்பிடியின் அடியில் இருக்க வேண்டிய குமிழ்.

"உக்காருங்கண்ணே."

"நிக்கிறேம்மா."

"இதை யாரு செஞ்சது?"

"பெரிய கம்பெனி சரக்கும்மா. அருங்காட்சியகத்துல இருக்கிற பழைய வாளைப் பாத்து அச்சு அசலா எடுத்த நகல். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கினது. இதோ பாருங்க, ரெட்டை முக்கோணம், அவங்க முத்திரை."

"பெரிய கம்பெனி சரக்கு ஏன் கழண்டுச்சு?"

"குமிழ்ல இருக்கிற திருகு மரை தேஞ்சிருக்கும்மா. ரொம்ப வருஷமாவே அது சரியா பிடிக்காது. பசை வெச்சுத்தான் ஒட்டுவேன்."

அவள் குமிழை எடுத்துப் பார்த்தாள். உள்ளே காய்ந்த பசை, பூச்சுமேல் பூச்சாக.

"வெள்ளிக்கிழமைக்குள்ள செஞ்சவங்க யாரு, எப்படி மாட்டியிருக்காங்க, ஏன் கழண்டுச்சு, எனக்குத் தெரியணும். தெரியலைன்னா வாள் பழைய இரும்புக்குப் போகும். சாமான் அறைச் சாவி வேற ஆள்கிட்ட போகும். உங்கமேல எனக்குக் கோபம் இல்லண்ணே. அந்த அலகு ரெண்டு விரல் தள்ளிப் போயிருந்தா கண்ணு."

பெட்டிக்காரர் மூன்று துண்டையும் அள்ளித் துணியில் சுற்றினார். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வீடு இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் மெஷின். அதன்மேல் பாதி தைத்த மேலங்கி வழிந்து தரை வரை கிடந்தது. வெளியே மழை விடாமல் தூறியது. ஈரத்துணியெல்லாம் நாற்காலி முதுகுகளில். வாளை மேஜையில் வைத்து அவர் விளக்கை இழுத்துக் கொண்டார்.

"மரை கழண்டது வாளுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி, பல்லில் நூலைக் கடித்தபடி. "வந்ததுலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கல."

"இந்த அலகைப் பாருடி. நடுவுல ஓடுற பள்ளத்தைப் பாரு. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே அகலம். அரம் போட்ட தடம் கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. இதைச் செஞ்சவன் சாதாரண ஆள் இல்ல. மேதை."

மெஷின் நின்றது. பிறகு ஓடியது.

"அண்ணன்கிட்ட ஒருக்கா காட்டலாம்ல," என்றாள். "இரும்பு தெரிஞ்ச ஆளு."

"உங்க அண்ணனா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்தொம்பது வருஷமா என்னைப் பாத்தா தெருவோட அந்தப் பக்கம் போற மனுஷன். அதுவும் சைக்கிள் கடை. நான் போய் வாளைக் காட்டினா காத்து அடிச்சுக் கொடுப்பாரு."

"உங்க வாய் இருக்கே," என்றாள். இரண்டு ரொட்டித் துண்டை முட்டையில் தோய்த்துப் பொரித்து அவர் முன்னால் வைத்தாள். வாளைத் தொடாமல் தட்டுக்கு இடம் பண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை வாள் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். இரண்டு பேர் கை மாறி, மூன்றாவதாக விஷயம் தெரிந்த ஒருவர் வந்தார். பெட்டிக்காரர் நீளம், எடை, வருஷம் எல்லாம் சொன்னார்.

"எங்க சரக்குதாங்க," என்றார் அந்த ஆள். "கைப்பிடி எப்படிக் கழண்டுச்சுன்னு சொன்னீங்க?"

"குமிழ் திருகு விட்டுடுச்சு."

"திருகா? எங்க வாள்ல திருகே கிடையாதுங்களே. அலகோட வால், கைப்பிடிக்குள்ள போற பகுதி, குமிழ் வழியா வெளிய வரும். நுனியைச் சுத்தியால அடிச்சு நசுக்கிடுவோம். கழட்டணும்னா அறுத்துத்தான் கழட்டணும்."

"முத்திரை இருக்குங்களே. ரெட்டை முக்கோணம்."

"ரெண்டும் நேரா நிக்குதா பாருங்க."

பெட்டிக்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். எத்தனையோ தடவை எண்ணெய் போட்டுத் துடைத்த இடம்.

"ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"அப்ப அது எங்களுது இல்லீங்க. யாரோ எங்க வாளைப் பாத்து இன்னொண்ணு செஞ்சிருக்காங்க. முத்திரையைக்கூட விடல பாருங்க," என்று சிரித்தார். "கெட்டிக்காரன்தான். கண்டுபிடிச்சா எங்ககிட்ட வேலை இருக்குன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அவர் முத்திரையை மறுபடியும் லென்ஸில் பார்த்தார். அசலுக்கு நகல், நகலுக்கு நகல். அது எப்போது உள்ளே வந்தது? பெட்டி அவர் பெட்டி. பூட்டு அவர் பூட்டு.

புதன்கிழமை இரும்பு கடையும் லேத்துக்காரரிடம் எடுத்துப் போனார். அந்த ஆளுக்கு எதையும் அளந்தாக வேண்டும். டீக்கு வாங்கிய பிஸ்கட்டைக்கூட அளக்கும் இடுக்கியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நேத்தைவிட அரை மில்லி மெலிசு. ஏமாத்துறான்," என்பார். பட்டறைத் தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். செருப்போடுதான் நடக்க முடியும்.

அவர் பசையைச் சுட்டு உரித்தார். கம்பித் தூரிகையால் தேய்த்தார். மரை புதிதுபோல வெளியே வந்தது.

"தேஞ்சிருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"ஒரு இழைகூடத் தேயல." அலகின் வாலைப் பிடித்துக்கொண்டு குமிழைப் பொருத்தி இடது பக்கம் திருப்பினார். அது வழுக்கிக்கொண்டு ஏறிக் கடைசிவரை போய் நின்றது. "இது இடப்பக்க மரைங்க."

"அப்படின்னா?"

"ஊர்ல இருக்கிற மரையெல்லாம் வலது பக்கம் திருகினா இறுகும். இது வலது பக்கம் திருகினா கழலும்."

பெட்டிக்காரர் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி," என்றார், "ஒரு திருகு இறுக்கிட்டுத்தான் ராஜா கையில கொடுப்பேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் கையால் காட்டினார்.

"அடப்பாவி மனுஷா," என்றார் லேத்துக்காரர் அன்பாக. "பசைக்குக் கோயில் கட்டலாம் போங்க. இத்தனை காலம் தாங்கியிருக்கு."

பிறகு மரையின்மேல் பல்லுப் பல்லாக இருந்த ஒரு தகட்டை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வேறு தகட்டை வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

"அங்குலத்துக்கு இருபது இழை. இடப்பக்கம். சந்தேகமே இல்ல. சைக்கிள்."

"என்னது?"

"சைக்கிள்ல இடது பெடல் மட்டும் இப்படித்தான் இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழண்டுடக் கூடாதுன்னு. பெடல் அச்சை வெட்டி அலகோட வால்ல பத்த வெச்சிருக்கான். குமிழ் எது தெரியுதா? பெடல் மாட்டுற கிராங்க் தண்டோட நுனி. அறுத்து, அரத்தாலயே உருட்டியிருக்கான். அலகு லாரி ஸ்பிரிங் பட்டை. எவ்வளவு பொறுமைங்க இவனுக்கு." குமிழைத் திருப்பி ஊசி முனையால் ஓரிடத்தைச் சுரண்டினார். மெழுகு வந்தது. "இங்க பாருங்க, குறுக்க ஒரு ஓட்டை. பூட்டு ஊசி போடுற இடம். ஊசி போட்டிருந்தா யாரு எந்தப் பக்கம் திருகினாலும் அசையாது. போடாம மெழுகு வெச்சு அடைச்சிருக்கான். அதுதான் புரியல."

"சைக்கிள்காரனா இதைச் செஞ்சான்?"

"ஏன், சைக்கிள்காரனுக்குக் கை இல்லையா?" அளந்து வைத்த பிஸ்கட்டைக் கடித்தார். "உங்க மச்சான்கூட சைக்கிள் கடைதானே?"

வாளை எண்ணெய்த்துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மழையில் நடந்தார். குடை கக்கத்திலேயே இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் அவள் மேலங்கிக்குக் கரை வைத்துக்கொண்டிருந்தாள். நனைந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த குமிழைப் பார்த்தாள். மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினாள்.

"தெரிஞ்சுடுச்சா?"

"எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு. உங்களுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, அப்ப." அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "தலையைத் துவட்டுங்க முதல்ல. பெரிய கம்பெனி வாள் ஒத்திகையில உடைஞ்சது. ரெண்டு துண்டு. சாவி என்கிட்ட. நீங்க எழுந்து வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருக்கு, வந்தா வேலை இருக்கணும்ல? அண்ணன்கிட்ட ஓடினேன். கடையைப் பதினோரு நாள் மூடிட்டுச் செஞ்சாரு. உடைஞ்சதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நூல் பிடிச்சு அளந்து அளந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? எலும்பும் தோலுமா வந்தீங்க. வந்ததும் நேரா சாமான் அறைக்குப் போய் அதை எடுத்து, 'பாத்தியா, நான் இல்லாதப்பவும் எப்படி மின்னுது'ன்னு கொஞ்சினீங்க. சரி, கொஞ்சட்டும்னு விட்டேன். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு மூணு வருஷம் ஓடிடுச்சு. அப்புறம் அந்தச் சாப்பாடு."

எந்தச் சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. இதே மேஜை. ஆறு பேர். வாளைத் துடைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பேச்சு வாக்கில் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். மச்சான் கையை நீட்டி, "மாப்ளே, இந்தக் குமிழை நீங்க..." என்று ஆரம்பித்தார். இவர் வாளைப் பின்னுக்கு இழுத்து, "பஞ்சர் ஒட்டுற கை மச்சான். இதெல்லாம் உங்களுக்கு எட்டாத சாமான்," என்றார். விளையாட்டாகத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் பாதித் தட்டில் எழுந்து கை கழுவினார். அன்றைக்குப் போனவர்தான்.

"எதுக்குக் கை நீட்டினாருன்னு இப்பவாவது தெரியுதா?" என்றாள். "எந்தப் பக்கம் திருகணும்னு சொல்ல வந்தாரு."

பெட்டிக்காரர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். சைக்கிள் கடை ஒரு சந்தின் முனையில், கதவை முழுசாகத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் இடிக்கும். கதவு மூடாமல் இருக்க ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டை அண்டை கொடுத்திருந்தார்கள். பெட்டிக்காரர் குனிந்து பார்த்தார். துருவுக்கு நடுவே இரண்டு முக்கோணம், நேராக நின்றன. ஒன்பது வருஷம் அவர் துடைத்த வாள்.

மச்சான் ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஆடும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்கினார். நிமிரவில்லை.

"வாம்மா," என்றார் தங்கையிடம். "யாரு கூட வந்திருக்காங்க?"

"கண்ணு இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. சைக்கிளுக்கு என்ன ரிப்பேர்னு கேளு."

"சைக்கிள் இல்லன்னு சொல்லு," என்றார் பெட்டிக்காரர் மனைவியிடம். "வாள்னு சொல்லு."

"அதெல்லாம் பஞ்சர் ஒட்டுற கைக்கு எட்டாதுன்னு சொல்லும்மா."

"ரெண்டு கிழமும் நடுவுல என்னைத் தபால் பெட்டியா ஆக்காதீங்க," என்றாள் அவள். ஒரு கவிழ்த்த டப்பாவை இழுத்துப் போட்டு வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். "சண்டை போடுறதுன்னா நேராப் போடுங்க. நான் மழையைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

சக்கரம் சுழன்றது. நின்றது.

"தப்பா பேசிட்டேன் மச்சான்," என்றார் பெட்டிக்காரர். "அன்னிக்கு."

மச்சான் எழுந்தார். கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினார். பெட்டிக்காரர் வாளைக் கொடுத்தார். மச்சான் வெளிச்சத்தில் பிடித்து அலகின் பள்ளத்தைக் கட்டை விரலால் தடவினார், நுனி வரைக்கும்.

"துரு இல்ல," என்றார்.

"வாரம் ஒருக்கா எண்ணெய் போடுவேன்."

"தெரியுது." குமிழைப் பார்த்தார். முகம் மாறியது. "பசையா வெச்சீங்க? என் மரையிலயா?"

"எனக்கென்ன தெரியும்? உலகமே வலது பக்கம் திருகும்போது நீங்க மட்டும் இடது பக்கம் போட்டா?"

"பல்சக்கரம் வலது கிராங்க்லதான் இருக்கும். அது தேஞ்சா ஜனங்க கிராங்க் ஜோடியா வாங்கிட்டு வருவாங்க. வலதை மாட்டிட்டு இடதை இங்கயே போட்டுட்டுப் போவாங்க. மூட்டை மூட்டையா இடதுதான் கெடக்கு. இருக்கிறதை வெச்சுத்தானே செய்யணும்."

"சரி. அந்த ஊசி?"

மச்சான் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கை தெருவைப் பார்த்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊசி செஞ்சு வெச்சிருந்தேன்," என்றார் கடைசியில். "போடல. போடாம விட்டா ஆறு மாசத்துல ஆட ஆரம்பிக்கும். ஆடினா, யாரு செஞ்சதுன்னு தேடி வருவீங்கன்னு நெனச்சேன். நானாப் போய்ச் சொன்னா பீத்தல். நீங்களா வந்து கேட்டா மரியாதை." மூக்கை உறிஞ்சினார். "நீங்க பசையை வாங்கப் போயிட்டீங்க. மூணு வருஷம் பொறுத்துட்டு, சரி, நாமளே சொல்லிடுவோம்னு அன்னிக்கு வாயைத் திறந்தேன்."

"அண்ணே!" அவள் திரும்பினாள். "அந்தப் பையனுக்குக் காதுல மூணு தையல்."

"ஞாயித்துக்கிழமை அதைக் கேட்டதுலேர்ந்து நான் சரியாத் தூங்கல," என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரம்மாவின் அறையில் இரண்டு பேரும் நின்றார்கள். போகிற வழியில் பெட்டிக்காரர் மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஊசி விஷயத்தைப் பேசக் கூடாது. நான் பாத்துக்கிறேன்.

"யாரு செஞ்சது?"

"என் மச்சான்," என்றார் பெட்டிக்காரர். அதைச் சொல்ல அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். உடைந்தது, செய்தது, இடப்பக்க மரை, பசை. "தப்பு என்மேலம்மா. இறுக்குறேன்னு நெனச்சு இருபத்திரண்டு வருஷம் கழட்டியிருக்கேன். சாவி வேணும்னா எடுத்துக்குங்க. வாளைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. இப்படி ஒண்ணு நீங்க எந்தக் கடையிலயும் வாங்க முடியாது."

"அவரு பொய் சொல்றாருங்க," என்றார் மச்சான்.

"மச்சான்!"

"முழுசாச் சொல்லல. ஊசி போட்டிருந்தா அவரு எந்தப் பக்கம் திருகினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நான் வேணும்னே போடல." சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே சின்ன ஊசி, பஞ்சில். "அப்பவே செஞ்சது. தூக்கிப் போட மனசு வரல."

"குமிழ் ஆடுதேன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இவரு உங்ககிட்ட வந்து கேக்கலையா?" என்றாள் மேனேஜரம்மா.

"கேக்குற ஆளா இவரு?"

"சொல்ற ஆளா நீங்க?"

மேனேஜரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் கறாராக இருந்தது.

"முதல்ல ரெண்டு பேரும் சின்ன ராஜாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஊசியை இங்கயே, என் கண் முன்னாடி போடணும். இனிமே ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி செஞ்சவரு வந்து பாத்து, சரின்னு சொல்லணும். காட்சி முடியற வரைக்கும் பக்கவாட்டுல உக்காந்திருக்கணும். செஞ்சவரு வராத அன்னிக்கு வாள் வெளிய வராது. சாவி..." என்று இழுத்தாள். "சாவி பெட்டிக்கார அண்ணன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இன்னொரு தடவை பசைங்கிற வார்த்தை என் காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

மச்சான் சுத்தியால் மூன்று தட்டுத் தட்டினார். ஊசி போய் உட்கார்ந்தது.

சின்ன ராஜா காதில் கட்டோடு படுத்திருந்தார். கதையைக் கேட்டு வலியோடு சிரித்தார். "இந்தத் தழும்பை வெச்சு இனிமே எனக்கு வில்லன் வேஷமும் கொடுப்பாங்க," என்றார். கட்டின்மேல் கிரீடம் உட்காராது என்பதுதான் அவருக்குக் கவலை. பெட்டிக்காரரின் மனைவி உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்துத் தருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் இந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. வாளை வாங்கி, குமிழை இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்த்து, "சரி," என்றார். மேடையின் பக்கவாட்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெட்டிக்காரர் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அவள் மடியில் ஊசிநூல், யாருக்காவது ஏதாவது கிழிந்தால்.

இரண்டரை மணி நேரம். பாட்டு வந்தது, படை வந்தது, ராணி அழுதாள். பெரிய ராஜா வாளை உருவினார். மச்சான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாள் வீசும் பக்கமெல்லாம் அவர் தலை போனது. வாயைத் திறந்தபடி இருந்தார். ஒரு தடவை பெட்டிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. விரல்கள் கிரீஸ் மணத்தோடு கடினமாக இருந்தன. பெட்டிக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

திரை விழுந்தது. கைதட்டல் தகரக் கூரையில் மழைபோல் கேட்டது. மச்சான் பெருமூச்சு விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு ஜெயிச்சா?"

"என்ன மச்சான், முழுசும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் குமிழைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"சின்ன ராஜா ஜெயிச்சாரு. பெரிய ராஜா செத்துட்டாரு."

மச்சான் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நம்ம வாள் யாரு கையில இருந்துச்சு?"

"செத்தவர் கையில."

"அப்ப ஆளு சரியில்ல," என்றார் மச்சான்.